கோல் போட்டியா மக்களே?

அக்கா வீட்டு அடுக்களைச் சுவரில் பங்குக் கோயில் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பெரிய கட்டம் போட்ட காலண்டர். அத்தான் மீன்பிடி போட்டில் ஏறும் நாளை அக்கா நீல மையில் வட்டம் போடுவாள். மறுநாள் கட்டத்தில் 1, அதற்கடுத்த நாள் 2 என்று எழுதிக்கொண்டே போவாள். கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற ஆழ்கடல் தங்கல் 30 நாளும் ஆகும், 40 நாளும் ஆகும். எண் கூடக் கூட அக்காவுக்குப் பேச்சு குறையும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு எங்கள் கடற்கரையில் இப்படி நாள் எண்ணாத வீடு குறைவு.

இந்த வீட்டிலிருந்துதான் என் மருமகன் போன வருஷம் சென்னைக்குப் பந்து களிக்கப் போனான். களிப்பது என்றால் எங்கள் பேச்சில் விளையாடுவது. அக்காவின் இளைய மகன், 19 வயது, இடதுகால் ஆட்டக்காரன். சென்னை சீனியர் டிவிஷன் கால்பந்து லீக்கில் ஆடும் ஒரு அணியின் இளையோர் பிரிவில் எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மெயின் டீம் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊரில் ஃப்ளெக்ஸ் வைக்காத குறைதான்.

எங்கள் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை. பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய், நீரோடியைத் தாண்டினால் கேரளம். ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு மைதானம், மைதானத்துக்கு ஒரு கிளப். சுறாவும் பந்தும் இல்லாமல் இங்கே ஒரு பேச்சும் முடியாது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் இடது பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியபோது, அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டி அணியோடு 2018-19 ஐ-லீக் கோப்பையைத் தூக்கியபோது, இந்தக் கரையில் டிவி இருக்கிற வீடெல்லாம் நிறைந்திருந்தது. அதன் பிறகு இங்கே பிறக்கிற ஒவ்வொரு இடதுகால் பையனும் அடுத்த சூசைராஜ்தான்.

என் மருமகனும் அப்படித்தான் வளர்ந்தான். அதனால்தான் அவன் போன அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே கேள்வி. மீன் ஏலம் போடுகிற இடத்தில், கோயில் வாசலில், டீக்கடையில், அவனுடைய ஃபோனில், என்னுடைய ஃபோனில்: "கோல் போட்டியா மக்களே?" எங்கள் பேச்சில் மக்களே என்றால் மகனே.

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் மெயின் டீமுக்குப் போகிற பையனுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இங்கே பலருக்கு அது தெரியாது. தெரிந்த சிலரும் சொல்வதில்லை.

முதல் வாரம் அவன் ஃபோனில் சொன்னது: "மாமா, இங்க பந்து நிக்கவே மாட்டங்கு. நான் எடுக்கதுக்கு முன்ன ஆளு வந்து நிக்கான்."

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பிள்ளைகள் மணலில் களித்து வளர்ந்தவர்கள். மணலில் பந்து வந்து விழுந்தால் செத்துவிடும், துள்ளாது. உள்ளங்காலை அதன் மேல் வைத்துப் பின்னால் ஒரு இழு இழுத்தால் போதும், எதிராளியின் கால் மணலில் புதைந்து நிற்கும். அவன் காலைப் பிடுங்கி எடுப்பதற்குள் உனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அந்த ஒரு மூச்சில்தான் எங்கள் பிள்ளைகளின் அழகெல்லாம் இருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்ப்பதும் உடம்பை ஒடித்து ஏமாற்றுவதும் பந்தைக் கிள்ளித் தூக்கி ஆள் தலைக்கு மேலே போடுவதும் அந்த நேரத்துக்குள்தான். கெண்டைக்காலில் இரும்பு மாதிரி பலம் வருவதும் மணலால்தான்.

புல்தரையில் அந்த மூச்சு கிடையாது. மழை பெய்த புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். எதிராளி ஸ்டட் போட்ட பூட்டோடு வருகிறான், அவன் கால் எங்கேயும் புதையாது. இளையோர் அணியிலாவது எதிரில் நிற்பவனும் 18 வயதுப் பையன், அவனும் பந்தையே பார்த்துக்கொண்டு வருவான். சீனியர் டிவிஷனில் எதிரில் நிற்பவருக்கு 30 வயது இருக்கும். ஏதாவது அலுவலக அணியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷமாக இதே லீக்கில் ஆடுகிறவராக இருப்பார். அவர் பந்தைப் பார்ப்பதில்லை, உன்னைப் பார்க்கிறார். பந்து உன்னிடம் வருவதற்கு அரை நொடி முன்னாலேயே இடுப்பை உன் இடுப்போடு சேர்த்து வைத்துவிடுவார். தள்ளுவது மாதிரியே தெரியாது, ரெஃப்ரி விசில் அடிக்க அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் நீ நிற்க நினைத்த இடத்தில் நீ இல்லை. பந்து கடந்து போய்விடும்.

எங்கள் பையன்களுக்குத் திறமை போதாது என்று சென்னையில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. திறமை அப்படியே இருக்கிறது. அதைக் காட்டக் கிடைத்த நேரம் பாதியாகிவிட்டது.

அவன் முதல் முறையாக இறங்கியது 78-வது நிமிஷத்தில். அணி 2-1 என்று முன்னால் இருந்தது. இடதுபுறக் கோட்டருகே முதல் பந்து வந்தது. பழக்கத்தில் உள்ளங்காலை வைத்து நிறுத்தினான், அப்புறம் தலையைத் தூக்கினான். தூக்கும்போதே பந்து இல்லை. அவர்கள் வேகமாகப் போனார்கள், நம் தடுப்பாட்டக்காரர் விழுந்து வெளியே தள்ளினார், கார்னர். கோல் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு தப்புக்குப் பிறகு மிச்ச நேரத்தில் அவனுக்குப் பந்து வந்தது நாலே தடவை. கூட ஆடுகிறவர்கள் கோபப்பட்டுத் தராமல் இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நம்பிக்கை வராத காலுக்கு யாரும் பந்து தருவதில்லை, அவ்வளவுதான்.

12 நிமிஷம். அன்று ராத்திரி ஊரிலிருந்து அவனுக்கு வந்த ஃபோன் மட்டும் முப்பதுக்கு மேல். எல்லாருக்கும் ஒரே கேள்வி. கடைசியாக என்னைக் கூப்பிட்டான். அழவில்லை. "மாமா, ஆளுவகிட்ட நான் என்னத்தச் சொல்லுது?" என்று மட்டும் கேட்டான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒரு காலத்தில் அது என் குரல்.

2004-ல் நானும் இப்படித்தான் போனேன். எனக்கு 20 வயது, லெஃப்ட் பேக், அதாவது இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு ஆட்டம், ரெண்டு ஆட்டம், ஆறு ஆட்டம். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டத்தில் 3 பேரைத்தான் மாற்றலாம். அந்த மூன்றில் ஒன்றை 20 வயதுப் பையனுக்காக எந்தக் கோச்சும் வீணாக்க மாட்டார். ஒருமுறை கடைசி 5 நிமிஷம் இறக்கினார்கள், அவ்வளவுதான். ஊரிலிருந்து எஸ்டிடி பூத் வழியாகவும் அதே கேள்விதான் வந்தது. லெஃப்ட் பேக்கிடம் கோல் கேட்டார்கள். பெஞ்சில் உட்கார்வது அவமானம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அது அவமானம் இல்லை, அதுவும் வேலையின் ஒரு பகுதி என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நாலாவது மாதம் ரயில் ஏறி வந்துவிட்டேன். இப்போது பகலில் துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வாழ்க்கையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இன்னும் ஒரு நாலு மாதம் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பு 20 வருஷமாகப் போகவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் நல்லது. 2020-ல் கொரோனா நேரத்தில் மாற்று ஆட்டக்காரர்களை 5 வரை இறக்கலாம் என்று தற்காலிகமாக விதி வந்தது, 2022-ல் அதை விதிப்புத்தகத்திலேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள். போட்டி நடத்துகிறவர்கள் ஒத்துக்கொண்டால் 5 பேர். பெரிய கிளப்புகளுக்குத்தான் இதனால் லாபம் என்று வாதம் உண்டு. இருக்கட்டும். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பையனுக்கு அந்தக் கூடுதல் ரெண்டு இடம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

தங்குகிற இடமும் பேச்சும் இன்னொரு கஷ்டம். அங்கே போன முதல் நாளே "நீ மலையாளியா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாகர்கோவிலைத் தாண்டி வடக்கே போன குமரி மாவட்டத்துக்காரர் எல்லாருக்கும் கிடைக்கிற கேள்விதான். "களிக்கலாமா" என்று சொன்னால் சிரிப்பு. ஒரு மாதம் மைதானத்தில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான். கால்பந்தில் வாய் திறக்காதவன் பாதி ஆட்டக்காரன். ஆள் வருகிறான் என்றால் "மேன்", நேரம் இருக்கிறது என்றால் "டைம்", திரும்பலாம் என்றால் "டர்ன்" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும், கத்தாவிட்டால் கூட ஆடுகிறவனுக்கு முதுகுப்பக்கம் கண் இல்லை. கடைசியில் இவனுக்குத் துணையாக வந்தவர் மலப்புறத்துக்கார கோல்கீப்பர் ஒருவர். எந்த மலையாளத்துக்காக இவனைக் கேலி செய்தார்களோ அந்த மலையாளத்தில்தான் ரெண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். சம்பா அரிசிச் சோறும் மரச்சீனியும் மீனும் தின்று வளர்ந்தவனுக்கு மெஸ் சாம்பார். அக்கா கொடுத்துவிட்ட நெத்தோலிக் கருவாடு மூன்று நாளில் தீர்ந்தது, அறை முழுக்க ஆட்கள்.

நான் இங்கே பிள்ளைகளின் அப்பன்மார்களிடம் ஒன்று கேட்பதுண்டு. உன் மகன் முதல் தங்கலுக்குப் போட்டில் ஏறுகிறான். ஏறின அன்றே அவன் கையில் யாராவது ஸ்டியரிங்கைக் கொடுப்பார்களா? போட்டை ஓட்டுகிற ஸ்ராங்குக்குப் பக்கத்தில் உட்காரக்கூட விடமாட்டார்கள். சோறு வைக்கச் சொல்வார்கள், மீனுக்கு ஐஸ் போடச் சொல்வார்கள், தூண்டிலுக்கு இரை கோர்க்கச் சொல்வார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே அதையெல்லாம் செய்வான். திரும்பி வந்ததும் எத்தனை சுறா பிடித்தாய் என்று யாரும் அவனிடம் கேட்பதில்லை. கடல் ஒத்துக்கொண்டதா, தூங்கினாயா என்றுதான் கேட்போம். நீரோட்டம் பார்க்க, தண்ணீர் நிறம் பார்க்க எத்தனை தங்கல் ஆகும் என்று நமக்குத் தெரியும். கடலில் இவ்வளவு தெரிந்த ஊர், பந்தில் மட்டும் முதல் நாளே சுறாவைக் கேட்கிறது.

சூசைராஜை உதாரணம் சொல்கிறவர்களுக்கு அவர் கதையும் முழுசாகத் தெரியாது. 1994-ல் பிறந்தவர். 2018-ல் ஜாம்ஷெட்பூர் அணிக்காக ஐஎஸ்எல்லில் கால் வைத்தபோது வயது 24-ஐ நெருங்கிவிட்டது. 19-ல் யாரும் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. மேலே போன பிறகும் எல்லாம் நேராக நடக்கவில்லை. 2020 நவம்பர் 20 அன்று ஏடிகே மோகன் பகான் அணிக்காக சீசனின் முதல் ஆட்டம், கோவாவில் பாம்போலிம் மைதானம், எதிரில் கேரளா பிளாஸ்டர்ஸ். தொடங்கி கால் மணி நேரத்துக்குள் முழங்கால் போய்விட்டது. அந்த சீசன் முழுக்க அவருக்கு முடிந்தது. அன்று ராத்திரி எங்கள் டீக்கடையில் யாரும் அடுத்த டீ சொல்லவில்லை. அந்த முழங்காலோடு திரும்ப வந்து நின்றாரே, அதைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். கோல் வீடியோவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மருமகன் 9 நாள் லீவில் வந்தான். வந்த மறுநாளே காலை அஞ்சரைக்கு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அணியின் மூத்த மிட்ஃபீல்டர் ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தாராம்: "தம்பி, பந்து வர்றதுக்கு முன்னாடியே சுத்திப் பார்த்துக்கோ. வந்தப்புறம் பார்த்தா லேட்டு." அதற்குத்தான் பயிற்சி. நார்வேயில் கெயர் யோர்டெட் என்று ஒரு பேராசிரியர் பல வருஷமாக இதை ஆராய்கிறார். பந்தை விட்டுவிட்டு ஒரே ஆட்டக்காரரின் மேல் கேமராவை வைத்து, பந்து வருவதற்கு முன் அவர் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறார் என்று எண்ணுகிறார். ஸ்பெயினின் ஸாவி மாதிரி ஆட்டக்காரர்களின் கழுத்து ஓயவே ஓயாது. அதைப் படித்த நாளிலிருந்து நான் சின்னப் பிள்ளைகளுக்கும் கழுத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

பயிற்சி ரொம்ப எளிது. 15 மீட்டர் தூரத்தில் நின்று நான் அவனுக்குப் பந்து தட்டுவேன். அவன் முதுகுக்குப் பின்னால் என் மகள் நிற்பாள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கையில் சில விரல்களைத் தூக்கிக் காட்டுவாள். பந்து அவன் காலில் படுவதற்கு முன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். முதல் நாள் 20 பந்தில் 6 சரி. விரல் சரியாக இருந்தால் பந்து கால்களுக்கு நடுவே போய்விடும், பந்து சரியாக நின்றால் விரல் தப்பு. பிள்ளை சும்மா இருப்பாளா, கடைசி நொடியில் விரலை மாற்றுவாள். "மாத்துகா மாமா, கள்ளத்தனம் பண்ணுகா" என்று கத்தினான். மாற்றட்டும், எதிராளி மட்டும் அங்கேயே நிற்கவா போகிறான் என்றேன்.

நாலாவது நாள் ஒன்றைக் கவனித்தேன். அவன் நிற்கிற நிலையே மாறியிருந்தது. முன்னெல்லாம் பந்து வருகிற திசைக்கு நெஞ்சைக் காட்டி நேராக நிற்பான். இப்போது ஒருச்சாய்த்து நின்றான். வலது தோள் என் பக்கம், இடது தோள் கோல் பக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து அலுத்துப்போன கழுத்து, உடம்பை அப்படித் திருப்பிவைத்தால் பாதி வேலை மிச்சம் என்று தானே கண்டுபிடித்துவிட்டது. பந்து வந்தது, உள்ளங்காலை வைக்கவில்லை. இடது காலின் உட்புறத்தில் பட்டு, பந்தும் அவனும் ஒரே அசைவில் முன்னால் போனார்கள். "மூணு" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல். மகள் கையில் மூன்று விரல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கு 20-ல் 15.

லீவு முடிவதற்குள் ஊரில் ஃப்ளட்லைட் போட்டு ஒரு ஆட்டம் வைத்தார்கள். சென்னையில் மெயின் டீமில் ஆடுகிறவன் வந்திருக்கிறான் என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கூட்டம். அவன் அன்று ஆடியது வேறு ஆட்டம். ஒன்று வாங்குவான், ரெண்டாவது தொடுகையில் கொடுத்துவிடுவான், நகர்ந்து நிற்பான், மறுபடி வாங்குவான். நாலு பேரை வெட்டிக்கொண்டு ஓடவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "சென்னைக்குப் போயி பய களி மறந்துட்டான்" என்று ஒருவர் என் காது படவே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து பதில் சொல்லியிருப்பேன்.

பக்கத்தில் பழைய ஸ்ராங்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார், கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. என் முட்டியைத் தட்டி, "பந்து அங்கோட்டு கிடக்கு, பய என்னத்துக்குடே இங்கோட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்கான்?" என்றார். சொன்னேன். எங்கே ஆள் நிற்கிறான், எங்கே இடம் கிடக்கிறது என்று பந்து வருவதற்கு முன்னாலேயே மனசில் வாங்கிக்கொள்கிறான் என்றேன். "ஓ" என்றார். அதற்கப்புறம் ஆட்டம் முடியும் வரை அவர் பந்தைப் பார்க்கவே இல்லை, அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் சாப்பிட்டோம். அவன் முற்றத்தில் பூட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா மெதுவாக, "பய நல்லாத்தான் களிக்கானா? ஒரு கோலும் போடல்லியே" என்றாள். நான் கேட்டேன்: "அக்கா, பெரியவன் முதல் தங்கல் முடிஞ்சு வந்தப்ப நீ என்னத்தக் கேட்டே?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "சோறு தின்னியாலே மக்களேன்னு கேட்டேன்." அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இவன்ட்ட என்னத்தக் கேக்கணும்?" என்றாள். எத்தனை நிமிஷம் களத்தில் நின்றாய் என்று கேள், அது கூடுகிறதா என்று பார் என்றேன்.

குழித்துறை ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் பழைய பாட்டையே பாடினார்கள். கோல் போடணும் கேட்டியா, நம்ம ஊரு மானத்தைக் காப்பாத்தணும் கேட்டியா என்று. வண்டி வந்ததும் அக்கா கருவாட்டுப் பொதியையும் ஒரு சீப்பு மட்டிப்பழத்தையும் அவன் கையில் திணித்தாள். "எத்தர நிமிஷம் நின்னேன்னு மட்டும் அம்மைக்கிட்டச் சொல்லு, போதும்" என்றாள். அவன் அம்மையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டான்.

அத்தான் ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி போட்டில் ஏறினார். அதன் பிறகு வந்த ரெண்டு ஆட்டத்தில் பையன் பெஞ்சை விட்டு எழவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் 6 நிமிஷம், நாலாவதில் 25.

நேற்று ஐஸ் கணக்கை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். காலண்டரைப் பார்த்தேன். நேற்றைய கட்டத்தில் நீல மையில் 22. அதே கட்டத்தின் மூலையில், சின்னதாக, சிவப்பு மையில் 31.